எபர்பாக் மடம்: துறவிகளுக்கு எதற்கு இத்தனை பீப்பாய்?

கேள்வி, 6 செப்டம்பர்

மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமனார் ஒரு சொட்டு தொடாதவர். ஆனால் பழைய கோயில், கோட்டை என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கம் எபர்பாக் என்று ஒரு பழைய மடம், உள்ளே வரலாறும் ஒயின் தயாரிப்பும் சேர்ந்த அருங்காட்சியகம் என்கிறார்கள். என் கணிப்பு: மடம் என்ற பெயரில் ஒரு சாராயக் கடை. துறவிக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம்? போனவர்கள் சொல்லுங்கள்.

பதில், 6 செப்டம்பர், இரவு

கூட்டிப் போங்கள். கடை இருக்கிறது, வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடலாம். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபை, 1136-ல் பிரான்சின் கிளேர்வோ மடத்திலிருந்து புனித பெர்னார்து அனுப்பிய துறவிகள் தொடங்கியது. 1803-ல் கலைத்துவிட்டார்கள். 667 வருஷம் ஓடிய ஸ்தாபனம். உங்கள் மாமனாருக்கு அரை நாள் போதாது.

7 செப்டம்பர்

காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று சம்பந்தத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பூசைக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு சின்னத் தோட்டம் போதும். மிச்சத்துக்குக் காரணம் வேறு. இந்தச் சபையும் பின்பற்றிய, ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) எழுதிய மடத்து ஒழுங்கில் ஒரு சுவாரசியமான இடம் உண்டு. துறவிக்கு ஒயினே ஆகாது என்று படித்திருக்கிறோம், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்கு ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, அதனால் அளவோடு குடிக்கவாவது சம்மதிப்போம் என்கிற ரீதியில் போகும். ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளவும் போட்டிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டிலேயே பெரியவர் கைகழுவிவிட்டார்.

அதையும் கணக்கில் சேர்த்தாலும் எபர்பாக்கின் பீப்பாய்களுக்கு விளக்கம் வராது. விற்றார்கள். அதுதான் விஷயம். ரைன் கரையில் ரைகார்ட்ஸ்ஹௌசனில் சரக்கு ஏற்றும் இடம், சொந்தப் படகுகள், கொலோன் நகரத்தில் சொந்த வளாகம். ரைனில் மூலைக்கு மூலை ஒரு கோட்டை, கோட்டைக்குக் கோட்டை சுங்கம் என்றிருந்த காலத்தில் இவர்களுக்குப் பல இடங்களில் சுங்க விலக்கு. பக்கத்து ஊர் வியாபாரி வரி கட்டிக் கட்டி கொலோன் போய்ச் சேருவான், துறவியின் படகு ஜெபம் சொல்லிக்கொண்டே தாண்டிப் போகும். இதில் லாபம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

7 செப்டம்பர், மாலை

“அப்ப அது மடமா, கம்பெனியா?” என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும்தான். நம் ஊர் ஆதீனங்களுக்கு நஞ்சை புஞ்சை கிடையாதா என்ன?

9 செப்டம்பர்

சரி, எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு இப்போதுதான் பதில். எல்லாரும் ஓடுவது துறவிகளின் படுக்கைக் கூடத்துக்கு. எழுபது மீட்டருக்கு மேல் நீளம், நடுவில் தூண் வரிசை, மேலே கோத்திக் வளைவுகள். ஷான் கானரி துறவி வேடத்தில் நடித்த படத்தின் உட்புறக் காட்சிகளை 1980-களின் நடுவில் இந்த மடத்தில்தான் எடுத்தார்கள், அதனால் படத்துக்காகவே வருகிற கூட்டமும் உண்டு. கூடத்தில் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தளம் ஒரு பக்கமாக மெல்ல ஏறுகிறது, அந்தப் பக்கம் போகப் போகத் தூண்கள் குட்டையாகின்றன. ஒரு முனையில் அண்ணாந்து பார்க்கிற தூண்தலையை மறுமுனையில் கிட்டத்தட்ட நேருக்கு நேர் பார்க்கலாம். இதனால் ஏற்கெனவே நீளமான கூடம் இன்னும் நீளமாகத் தெரியும். மாமனாரை ஒவ்வொரு தூண் பக்கத்திலும் நிற்க வைத்துப் படம் எடுங்கள், விளங்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. மேற்குப் பக்கத்துக் கட்டடத்தில் பொதுநிலைச் சகோதரர்களின் உணவறை. இப்போது அங்கே பந்தி இல்லை, ஒயின் பிழியும் பழைய மர எந்திரங்கள் பன்னிரண்டு நிற்கின்றன. அதில் மிகப் பழையது 1668-ஐச் சேர்ந்தது. கதவைத் திறந்து முதல் தடவை உள்ளே போனபோது எந்திரம் என்றே தோன்றவில்லை. தேரைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வேலை செய்யும் விதம் இது. ஒரு முழு ஓக் மரத்தையே உத்தரமாகப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு முனை கீலில் சொருகி நிற்கும். மறுமுனையில் ஆள் உயரத்தைத் தாண்டிய மரத் திருகு. மிதித்த திராட்சையை நடுவில் தொட்டியில் குவித்து, மேலே பலகை, பலகைமேல் கட்டைகள். நாலைந்து பேர் திருகைச் சுற்றினால் உத்தரம் இறங்கும், சாறு ஓடைக் குழி வழியாகக் கீழே வடியும். நின்றதும் விடமாட்டார்கள். உத்தரத்தைத் தூக்கி, கெட்டித்துப் போன சக்கையின் ஓரங்களை வெட்டி, நடுவில் போட்டு, மறுபடி அழுத்துவார்கள். அறுவடைக் காலத்தில் இரவு பகல் பார்க்க முடியாது, பறித்த பழம் காத்திருக்காது.

திருகின் மரை முழுக்க மரத்தில் கையால் செதுக்கியது. அதன் விளிம்பைப் பாருங்கள். கீழே ஒரு முழ நீளத்துக்கு மரை வழவழவென்று கறுத்துக் கிடக்கிறது, மேலே உளித் தடம் அப்படியே இருக்கிறது. அழுத்தம் முழுக்க எங்கே விழுந்தது என்று அதுவே சொல்கிறது. விளக்கப் பலகையில் வருஷமும் மரத்தின் பெயரும்தான் இருக்கும்.

9 செப்டம்பர், இரவு

பொதுநிலைச் சகோதரர் யார் என்று சொல்லாமல் மேலே போய்விட்டேன்.

சிஸ்டர்சியன் மடத்தில் இரண்டு வகை ஆட்கள். கோயிலில் நாளுக்கு ஏழெட்டு வேளை லத்தீனில் ஜெபம் பாடும் துறவிகள் ஒரு வகை. வயல், தோட்டம், ஆலை, மந்தை, படகு எல்லாம் பார்த்துக்கொள்ள வார்த்தைப்பாடு கொடுத்துச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. இவர்களும் மடத்தார்தான். ஆனால் தனிப் படுக்கைக் கூடம், தனிச் சாப்பாட்டு அறை, கோயிலில் கூடத் தனி இடம். புத்தகம் தொடக்கூடாது, சில ஜெபங்களை வாயால் மனப்பாடம் செய்தால் போதும். மடாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு கிடையாது. எத்தனை வருஷம் உழைத்தாலும் முதல் வகைக்கு மாற முடியாது.

எபர்பாக்கில் இந்தப் பிரிவைக் கல்லிலேயே பார்க்கலாம். உள்முற்றத்துக்கும் மேற்குக் கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சந்து ஓடுகிறது. இந்தப் பக்கம் ஜெபம், அந்தப் பக்கம் வேலை. இத்தனை தெளிவாகப் பிரிவினை நிற்கும் மடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வருகிறவர்கள் அதை வெறும் நடைபாதை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சந்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். “துறவிகள் செய்த ஒயின்” என்று சீசாவில் எழுதி விற்கிறார்களே, அதில் எந்தத் துறவி என்பதுதான் என் கேள்வி.

11 செப்டம்பர்

நேற்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தைய குறிப்பைப் படித்தால் அந்த உணவறையில் சாப்பிட்டவர்கள்தான் அந்த எந்திரங்களைச் சுற்றினார்கள் என்று தோன்றும். காலத்தை ஒட்டிப் பார்த்தால் ஒட்டாது. பொதுநிலைச் சகோதரர்களின் காலம் 12, 13-ஆம் நூற்றாண்டு. அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்கவே அவர்கள் எண்ணிக்கை சரிந்துவிட்டது. மடங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டன, கூலிக்கு ஆள் வைத்தன. 1668-ல் திருகைச் சுற்றியவன் பெரும்பாலும் கூலிக்காரன். அவனுக்கு அந்த அறையில் இலை போட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு காலத்து உழைப்பாளியின் சாப்பாட்டு அறைக்குள் இன்னொரு காலத்து உழைப்பாளியின் கருவி. இருவருக்கும் அங்கே பெயர் இல்லை. மடாதிபதிகளுக்கோ வரிசையாகக் கல்லறைப் பலகை இருக்கிறது.

11 செப்டம்பர், பின்னிரவு

“வேலை செய்தவன் பாவம், பாடியவன் சுகவாசி என்று சினிமா கதை சொல்லாதீர்கள்” என்று ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார். நியாயமான சூடுதான். 12-ஆம் நூற்றாண்டில் நிலம் இல்லாத விவசாயி வீட்டுப் பையனுக்கு மடத்தில் சேர்வது நல்ல வாழ்க்கை. மூன்று வேளை இல்லாவிட்டாலும் நிச்சயச் சோறு, நோய்வாய்ப்பட்டால் படுக்க இடம், செத்தால் ஜெபம். யாரும் பிடித்துக் கட்டி வைக்கவில்லை. பாடும் துறவிக்கும் நடுராத்திரியில் எழுந்து குளிரில் நிற்கிற வேலை.

ஆனால் எபர்பாக்கில் 13-ஆம் நூற்றாண்டில் பொதுநிலைச் சகோதரர்கள் கலகம் செய்திருக்கிறார்கள். ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்திருந்தால் கலகம் எதற்கு? வழிகாட்டியோடு சுற்றியபோது இதைக் கேட்டேன். “அந்தக் காலத்தில் அது பல மடங்களிலும் நடந்தது” என்றார். உண்மைதான். பல வீட்டில் திருடு போனது என்றால் நம் வீட்டுத் திருட்டு இல்லை என்றாகிவிடுமா?

12 செப்டம்பர்

கலகம் என்றதும் 1525 ஞாபகம் வந்தது. ஜெர்மனியில் விவசாயிகள் போராட்டம் நடந்த வருஷம். மடம் இருக்கும் ரைங்காவ் பகுதி மக்கள் மடத்துக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டார்கள். மடத்தில் அப்போது ஒரு பெரும் பீப்பாய் இருந்தது, 1500 வாக்கில் கட்டியது, சுமார் 70,000 லிட்டர் பிடிக்கும். போராட்டக்காரர்கள் அதில் பெரும்பகுதியைக் காலி செய்துவிட்டார்கள். கோரிக்கை எதுவும் கடைசியில் நிலைக்கவில்லை, குடித்தது மட்டும் மிச்சம்.

இதை வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வார்கள், கூட்டமும் சிரிக்கும். நானும் சிரித்தேன். வெளியே வந்த பிறகுதான், அவர்கள் கேட்டது என்ன என்று யாருமே சொல்லவில்லையே என்று தோன்றியது. பீப்பாய்க்கு இருக்கிற புகழ் கோரிக்கைக்கு இல்லை.

14 செப்டம்பர்

“ஆஸ்திரியாவில் கிரெம்ஸ் போங்கள், அதுதான் நிஜமான உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம், எபர்பாக் எல்லாம் சுற்றுலாக் கடை” என்று வியன்னாக்காரர் ஒருவர். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒப்பிடக் கூடாது. ஆனால் ஒப்பிடத் தோன்றும்.

கிரெம்ஸ் அருங்காட்சியகம் இருப்பதும் ஒரு பழைய மடத்தில்தான். அந்த மடம் டொமினிக்கன் சபையுடையது, 1236-ல் தொடங்கியது. அவர்கள் ஊருக்குள் இருந்து பிரசங்கம் செய்பவர்கள், காட்டைத் திருத்தித் தோட்டம் போடுகிற சபை இல்லை. அதனால் அங்கே அருங்காட்சியகத்தில் வரும் ஒயின் மடத்தின் ஒயின் இல்லை, ஊரின் ஒயின். டான்யூப் கரைச் சரிவுகளில் கல் அடுக்கித் தளம் தளமாகத் தோட்டம் போட்ட ஜனங்களின் கதை. பவேரியாவிலிருந்து கூட மடங்கள் அங்கே தோட்டம் வாங்கி, அறுவடைக்கென்றே வளாகம் கட்டி வைத்திருந்தன. ஓவியர் கிரெம்ஸர் ஷ்மித்தும் (1718–1801) வாழ்ந்தது அந்த ஊர்ப் பக்கம்தான்.

அங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கிரெம்ஸ் மடத்தை 1785-ல் மூட வைத்தது இரண்டாம் ஜோசப் பேரரசரின் கொள்கை. ஜெபம் மட்டும் செய்கிறாய், பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, உன்னால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று நூற்றுக்கணக்கான மடங்களை மூடினார். அதே மனுஷன்தான் 1784-ல், தோட்டக்காரன் தன் வீட்டு ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று ஆணை போட்டார். வாசலில் பச்சைக் கொப்பு தொங்கவிட்டு வியாபாரம் நடக்கும் ஹாய்ரிகர் கடைகளின் சட்டபூர்வமான அடிப்படை அது. மடத்தை மூடிய கை, குடிக்கடையைத் திறந்த கை. மடம் இப்போது ஒயின் ஊரின் வரலாற்றைக் காட்டுகிறது, 1891-ல் தொடங்கிய அருங்காட்சியகம். பேரரசருக்கு இது தெரிந்தால் கணக்கு சரியாகிவிட்டது என்றுதான் சொல்வார்.

14 செப்டம்பர், சிறிது நேரம் கழித்து

வியன்னாக்காரருக்கு: ஹாய்ரிகரில் பன்றி இறைச்சி இல்லாமல் சாப்பிட என்ன கிடைக்கும் என்று முதலில் சொல்லுங்கள். நான் போனபோது ரொட்டியும் முள்ளங்கியும்தான்.

17 செப்டம்பர்

ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை வகை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். “துறவிகள்தான் ரீஸ்லிங் கண்டுபிடித்தார்கள்” என்பது கடைக்காரர் பேச்சு. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று 1435-ஐச் சேர்ந்தது, ரூஸல்ஸ்ஹைம் கோட்டையின் கணக்குப் புத்தகத்தில். காட்செனெல்ன்போகன் பிரபுவுக்காகக் கொடி வாங்கிய செலவு, 22 ஷில்லிங். ஜெபமும் இல்லை, ஞானமும் இல்லை, ஒரு கணக்கப்பிள்ளை எழுதிய வரி.

அந்தப் பிரபு வம்சம் புதைக்கப்பட்டிருப்பது எபர்பாக் கோயிலில். கல்லறைச் சிற்பங்களை அங்கேயே பார்க்கலாம். மடத்துக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது, மடத்தின் சாதனை என்றும் சொல்ல முடியாது.

துறவிகளின் திராட்சைத் தோட்டமாக இருந்த ஸ்டைன்பெர்க்குக்கு மடத்திலிருந்து நடந்தே போகலாம். சுமார் முப்பது ஹெக்டேர், சுற்றிலும் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மதில். பழம் திருடுகிறவர்களைத் தடுக்க. மதிலுக்குள் குளிர்காற்றும் கொஞ்சம் குறையும். மாமனார் நடப்பார் என்றால் கூட்டிப் போங்கள், மேலே இருந்து ரைன் தெரியும்.

20 செப்டம்பர்

ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். 1803-ல் மடம் கலைந்த பிறகு கட்டடம் சும்மா கிடக்கவில்லை. அப்போது அந்தப் பகுதியை ஆண்ட நாசாவ் அரசு சிறைச்சாலை வைத்தது. 1815-ல் மனநோயாளிகள் காப்பகமும் வந்தது. காப்பகம் 1849-ல் பக்கத்து ஐக்பெர்குக்கு மாறியது, சிறை 1912 வரை இருந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷம். அதே காலத்தில் அரசு மடத்துத் தோட்டங்களைத் தன் பெயரில் நடத்தியது, 1806-லேயே ஒயின் ஏலம் போட்டது. நிலவறையில் விலையுயர்ந்த சீசா, பக்கத்துக் கட்டடத்தில் கைதி.

துறவிகளின் 667 வருஷத்துக்கு அறை அறையாக இடம் கொடுத்தவர்கள் இந்த நூறு வருஷத்தை நான் பார்த்தவரை வேகமாகத்தான் கடந்துபோகிறார்கள். கல்யாணங்களுக்கும் ரைங்காவ் இசை விழாவுக்கும் இடம் விடுகிற நிறுவனம், சிறைக் கதையைப் பெரிதாக எழுதி மாட்ட விரும்பாது, புரிகிறது. ஆனால் அருங்காட்சியகம் என்று டிக்கெட் வாங்கினால் எனக்கு அந்தக் காலமும் வேண்டும்.

21 செப்டம்பர்

“நூலகம் என்ன ஆயிற்று?” 1631-ல் ஸ்வீடன் படை வந்தபோது சூறையாடப்பட்டது. எபர்பாக்கின் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பங்கு ஆக்ஸ்ஃபோர்டில், போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்துப் பேராயர் லாட் வாங்கிச் சேர்த்தவை. அந்தக் காலத்துப் புத்தகம் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்து விசா.

27 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். மாமனார் படுக்கைக் கூடத்தில் ஐந்து நிமிஷம், பிழி எந்திரங்களிடம் ஒரு மணி நேரம் நின்றார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. செக்கு வைத்திருந்த குடும்பம் என்று இப்போதுதானே சொல்கிறீர்கள்! அவர் கேட்டிருக்கும் கேள்வி அருமை: “இந்தத் திருகுக்கு எண்ணெய் போட்டானா, கொழுப்பு போட்டானா? காய்ந்த மரத்தில் மரை இத்தனை வருஷம் நிற்காதே.” கொழுப்புதான் பூசுவார்கள். நான் இத்தனை தடவை போயும் அதை யோசித்ததில்லை. மாமியார் கடையில் திராட்சை விதை எண்ணெய் வாங்கியதும் நல்லது, அதில் போதை ஏறாது.

ஒயின் எங்கே செய்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு: மடத்தில் இல்லை. 2008-ல் ஸ்டைன்பெர்க் தோட்டத்தின் பக்கம் தரைக்குக் கீழே புதிய ஆலை கட்டிவிட்டார்கள், எஃகுத் தொட்டிகள், எல்லாம் எந்திரம். 200 ஹெக்டேருக்கு மேல் தோட்டம் உள்ள ஹெஸ்ஸன் மாநில அரசின் நிறுவனம் அது. மடத்துக் கட்டடத்தை 1998 முதல் தனி அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது.

அடுத்த முறை அறுவடைக் காலத்தில் வருவதானால் அக்டோபர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எல்ட்வில் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளவும், விட்டால் டாக்சிக்கு ஒரு நல்ல சீசாவின் விலை ஆகும்.